குடியும் ஈயமும் சேர்ந்தால்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்த மாதம் நம் குடியிருப்புக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறோம். அதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

கம்பம், கூடலூர் பக்கம் திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெளித்துவிட்டு வருகிறவர்கள் சிலர், "ஒரு கட்டிங் போட்டா எல்லாம் முறிஞ்சிடும்" என்பார்கள். பெயிண்டர்களிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். நடப்பது நேர்மாறு. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. உடம்பில் மிஞ்சும் செம்பைப் பித்தநீர் வழியாக வெளியேற்றுவது கல்லீரல். குடி கெடுப்பதும் அதே கல்லீரலைத்தான்.

கனடாவின் கியூபெக் நகரில் 1965-66இல் நடந்ததைக் கேளுங்கள். நுரை நிற்பதற்காக பீரில் கோபால்ட் உப்பைச் சேர்த்தார்கள். அதை அளவுக்கு மீறிக் குடித்துவந்த 48 பேருக்கு இதயத்தசை நோய் வந்தது. 20 பேர் இறந்தார்கள். அதைவிடப் பல மடங்கு கோபால்ட்டை அக்காலத்தில் ரத்தசோகைக்கு மருந்தாகவே கொடுத்தார்கள், அவர்களுக்கு இப்படி ஆகவில்லை. குடியும் சத்துக் குறைவும் சேர்ந்ததால்தான் சிறிய அளவே உயிரைக் குடித்தது என்றார்கள் மருத்துவர்கள்.

நம் கதைக்கு வருவோம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. நம் கட்டடம் அதற்கு முந்தியது. கதவு, ஜன்னல் கம்பியில் உள்ள பழைய எனாமலைச் சுரண்டினால் ஈயத்தூசி பறக்கலாம். வெறும் வயிற்றிலும், இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பிலும் ஈயம் அதிகமாக ஏறும். குடிக்கிறவர் முதலில் குறைப்பது சாப்பாட்டைத்தானே? ஏறிய ஈயம் எலும்பில் பல வருடம் தங்கும். போட்டதைச் சுலபமாக எடுக்க முடியாத டெபாசிட் அது.

என் மைத்துனர் பெயிண்டர். கடைசிக் காலத்தில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கஷ்டப்பட்டார். "எல்லாம் குடிதான்" என்று நாங்களே முடிவு கட்டினோம். ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். சுரண்டும் இடத்தை நனைத்துவிட்டுச் சுரண்டச் சொல்வோம். முகக்கவசமும் கைகழுவச் சோப்பும் கொடுப்போம். காலை டிபன் சங்கச் செலவில் இருக்கட்டும். குடிப்பதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம், வெறும் வயிற்றோடு தூசியில் நிற்பதைத் தடுக்கலாம்.