உள்கடனில் வாங்கிய ஹெட்போன்

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



உள்கடன் வாங்கிப் பயனடைந்தது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் கறவை மாடு, தையல் மெஷின், மாவு மில் என்று சொன்னார்கள். நான் வாங்கியது டிவி பார்க்க ஒரு ஹெட்போன். சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க.

என் மாமியாருக்கு வயது 71. சாயந்திரம் ஏழு மணிக்கு சீரியல் ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மகள் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். நான் சத்தத்தைக் குறைப்பேன், அத்தை கூட்டுவார். ஒருநாள், "வேணும்னே செய்றீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. டிவியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். ஒரு வாரம் டிவி பக்கமே வரவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் 800 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்கி வந்தார். செல்போனில் பாட்டுக் கேட்க அது நல்ல சாமான்தான். டிவியோடு இணைத்ததும் அத்தை சொன்னார்: "அவ வாயை மூடுன பிறகுதான் பேச்சு வருது." எங்கள் டிவியில் புளூடூத் போட்டதும் ஸ்பீக்கரும் நின்றுபோனது. அத்தை கேட்டால் நாங்கள் கேட்க முடியாது.

புளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபக்கம் விரித்துக் கொடுக்கிறது. அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் சாதாரணம். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. ஆனால் காது சரியாகக் கேட்காதவர்கள் உதட்டையும் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். உதடும் ஒலியும் விலகினால் அந்தத் துணையும் போச்சு.

அடுத்த தடவை கடைக்குப் போவதற்கு முன்னால், அத்தையை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். முதலில் காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தார்கள். பிறகு பரிசோதனை. வயதானால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்குமாம். க, ச, த போன்ற எழுத்துகளின் ஒலி தெளிவில்லாமல் போகும். 'கல்' என்றாலும் 'பல்' என்றாலும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறார்கள். வேணும்னே செய்றீங்களா என்று நான் கேட்டது அப்போது நெஞ்சைக் குத்தியது.

இரண்டு காதுக்கும் காது மெஷின் போடச் சொன்னார்கள். தகுதி உள்ளவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அதன் பிறகுதான் 4,500 ரூபாய் உள்கடன் கேட்டேன். "டிவி பாக்கக் கடனா?" என்று ஒருத்தங்க கேட்டாங்க. எங்கள் ஊக்குநர் அக்கா, "காது கேக்கறதுக்குக் கடன்" என்று தீர்மானத்தில் எழுதினார். பத்துத் தவணையில் கட்டி முடித்தேன்.

வாங்கியது ரேடியோ அலையில் வேலை செய்யும் வகை. டிவி பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு, தலையில் மாட்ட ஹெட்போன். தாமதம் தெரியாது. சுவரைத் தாண்டி அடுப்படியிலும் கேட்கும். அகச்சிவப்புக் கதிர் வகையும் உண்டு. அது டிவி ரிமோட் மாதிரி, குறுக்கே ஆள் போனால் ஒலி அறுந்துவிடும்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒன்று, டிவிக்குப் பின்னால் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஹெட்போன் ஓட்டையில் சொருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் நின்றுவிடும். நாங்கள் செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் காலியாக இருந்த சிவப்பு, வெள்ளை ஓட்டைகளில் சொருகினோம். இப்போது அத்தைக்கு வேண்டிய சத்தம் ஹெட்போனில், எங்களுக்கு வேண்டியது ஸ்பீக்கரில்.

இரண்டு, காது மெஷின் போடுபவர்கள் அதைப் போட்டபடியே ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். காதுக்குள் சொருகும் வகை சரிப்படாது. காது முழுவதையும் மூடும் பெரிய வகை வேண்டும். அதுவும் அழுத்தினால் மெஷின் கீச்சென்று கத்தும். சில மெஷின்களுக்கு டிவி ஒலியை நேராக அனுப்பும் தனிப் பெட்டியே உண்டு. மெஷின் வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

மூன்று, ஸ்டாண்டில் வைத்தாலே சார்ஜ் ஏற வேண்டும். பொடி வயரைச் சொருக வயசானவர்களுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்காது. சத்தம் கூட்டுகிற திருகு பெரிதாக இருக்கட்டும்.

நான்கு, சத்தத்தில் கவனம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெசிபல் அளக்க நம்மிடம் கருவி இல்லை. ஹெட்போனில் ஓடும் வசனம் பக்கத்தில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்டால் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

ஐந்து, சரிப்படாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. காதைக் காட்டாமல் ஹெட்போன் வாங்காதீங்க. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு விஷயம். அத்தை எங்கள் குழுவில் ஆரம்பத்திலிருந்து உறுப்பினர். இரண்டு வருஷமாகக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. வயசாச்சு, ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்தோம். கணக்கு வாசித்தது காதில் விழாமலேயே மாதா மாதம் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மெஷின் போட்டு வந்த முதல் கூட்டத்தில், "போன மாசச் சேமிப்பு எவ்வளவுன்னு இன்னொரு தடவை வாசிம்மா" என்றார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

உங்கள் குழுவிலும் பேசாமல் கையெழுத்துப் போடும் ஒரு அக்கா இருக்கலாம். அவரை முன் வரிசையில் உட்கார வையுங்கள். முகத்தைப் பார்த்து, கத்தாமல், நிதானமாகக் கணக்கை வாசியுங்கள். "கேட்டுச்சா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.