எட்டு டார்ச், நான்கு டார்ச், மூன்று டார்ச்

(ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி விளையாட்டும் கற்றலும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதில் பேச எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். சரியான விடைக்கு ஒருமுறை தவறு போட்டவன் நான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் பலருக்குத் தெரிந்திருக்கும். சமணக் காஞ்சி என்பார்கள். திரைலோக்கியநாதர் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வருவார்கள். ஊர்ப் பெயரில் இருப்பது பருத்தி. இந்தப் பக்கத்துத் தறிகளில் ஓடுவது பட்டு. என் வகுப்பிலும் தறி வீட்டுப் பிள்ளைகள் உண்டு.

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் தர்க்க வாயில்கள் வருகின்றன. அண்ட், ஆர், நாட், நார் என்று கரும்பலகையில் வரைந்து, உண்மை அட்டவணையை எழுதிப் போட்டேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். தேர்விலும் எழுதினார்கள். எதற்கு இது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருநாள் கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன், "சார், இது மைன்கிராஃப்ட்ல வர்ற ரெட்ஸ்டோன் மாதிரியே இருக்கு" என்றான். கணக்கில் தட்டுத்தடுமாறுகிறவன். அண்ணன் கைப்பேசியில் விளையாடுவானாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைன்கிராஃப்ட் என்பது கட்டை கட்டையாக அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற விளையாட்டு. அதில் ரெட்ஸ்டோன் என்று ஒரு சிவப்புப் பொடி இருக்கிறது. தரையில் கோடாகத் தூவினால் அதுதான் மின்கம்பி. 15 கட்டை தூரம் வரை சைகை போகும். ரெட்ஸ்டோன் டார்ச் என்று ஒன்றும் உண்டு. கட்டையில் செருகி வைத்தால் தானாக எரியும். அந்தக் கட்டைக்குச் சைகை வந்தால் அணைந்துவிடும். இதுதான் நம் நாட் வாயில். அதே கட்டைக்கு இரண்டு கம்பிகள் வந்தால்? எதில் சைகை வந்தாலும் டார்ச் அணையும். இரண்டிலும் இல்லாதபோது மட்டும் எரியும். அது நார் வாயில். இந்த ஒன்றை வைத்தே மற்ற எல்லா வாயில்களையும் கட்டிவிடலாம். 1969-இல் மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ கணினியின் தர்க்கச் சுற்றுகளும் நார் என்ற ஒரே வகை வாயிலால்தான் கட்டப்பட்டன.

வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். மாடிப்படி விளக்கு. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஏதாவது ஒன்று மட்டும் போட்டிருந்தால் விளக்கு எரிய வேண்டும். இரண்டும் போட்டிருந்தாலோ, இரண்டும் அணைத்திருந்தாலோ எரியக் கூடாது. பாடநூல் இதை எக்ஸ்ஆர் என்கிறது. தாளில் வரையலாம், விளையாட்டிலும் கட்டலாம் என்றேன்.

அவன் முதலில் எட்டு டார்ச்சில் கட்டினான். 'கீழ் சுவிட்ச் உண்டு, மேல் சுவிட்ச் இல்லை' என்பது ஒரு பக்கம். அதன் மறுதலை இன்னொரு பக்கம். 'இல்லை' என்பதற்கு ஒரு டார்ச், அண்ட் வாயிலுக்கு மூன்று டார்ச். பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. சரியாக வேலை செய்தது.

மறுநாள் நான்காகக் குறைத்துக்கொண்டு வந்தான். ஒரு டார்ச் 'இல்லை' என்று திருப்புகிறது, அண்ட் வாயிலின் முதல் டார்ச் அதையே மறுபடி திருப்புகிறது. "ரெண்டு தடவை திருப்பினா பழையபடிதான சார்? ரெண்டையும் எடுத்துட்டேன்" என்றான். இரட்டை மறுப்பு விதி! நான் பலகையில் எழுதி, யாருக்கும் ஒட்டாமல் போன விதி அது.

மூன்றாம் நாள் தாளில் மூன்றே டார்ச். அதில் அண்ட் வாயிலே இல்லை. பாடநூல் படம் என் கண்ணிலேயே நின்றதால், பார்த்தவுடன் தவறு போட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

மாலையில் மனம் கேட்காமல் நான்கு வரி அட்டவணை போட்டுப் பார்த்தேன். முதல் டார்ச் இரண்டு சுவிட்சையும் பார்க்கிறது. இரண்டும் அணைந்திருந்தால் மட்டும் எரிகிறது. இரண்டாவது டார்ச் கீழ் சுவிட்சையும் முதல் டார்ச்சையும் பார்க்கிறது. இரண்டும் இல்லையென்றால் எரிகிறது. அதாவது மேல் சுவிட்ச் மட்டும் போட்டிருக்கும்போது. மூன்றாவது டார்ச், மேல் சுவிட்சையும் முதல் டார்ச்சையும். இவை இரண்டின் கம்பியையும் சேர்த்து விளக்குக்குக் கொடுத்துவிட்டான். நான்கு வரியும் சரி. டார்ச்சுக்கு 0.1 வினாடி தாமதம் என்பதால் எட்டு டார்ச் சுற்று 0.3 வினாடி எடுத்துக்கொள்ளும், இது 0.2-இல் முடிக்கிறது.

மறுநாள் வகுப்பின் முன் என் தவறுக்குறியை அடித்துவிட்டு, எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எங்க வீட்டுத் தறியில ஒரு கொக்கிக்கு நாலஞ்சு கயிறு கட்டியிருப்பாங்க சார். அது மாதிரி."

ஜக்கார்டு பெட்டியைச் சொல்கிறான். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கியது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலே போகும், பாவு இழை தூக்கப்படும். துளை இல்லாவிட்டால் கொக்கி நிற்கும். ஒன்று, சுழியம். ஒரே புட்டா சேலையின் அகலத்தில் பல இடத்தில் வர வேண்டுமென்றால், இடத்துக்கு ஒரு கொக்கி வைக்க மாட்டார்கள்; ஒரே கொக்கியிலிருந்து கயிறுகளைப் பிரித்துக்கொள்வார்கள். அவன் முதல் டார்ச்சிலிருந்து இரண்டு கம்பி பிரித்ததும் அதுதான். கிளாடு ஷானன் 1937-இல் தன் முதுகலை ஆய்வில், ரிலே சுவிட்ச் சுற்றுகளைப் பூலியன் இயற்கணிதத்தால் சுருக்கலாம் என்று காட்டினார். என் மாணவன் தறியிலிருந்து அந்தப் பக்கம் வந்திருக்கிறான்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சிலர் வீடியோ பார்த்து அப்படியே கட்டிக்கொண்டு வந்தார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. "இந்த டார்ச்சை எடுத்துவிட்டால் எந்த நிலையில் விளக்கு தப்பாகும்?" என்று கேட்டால் தெரிந்துவிடும். இப்போது நான் மதிப்பெண் போடுவது அந்தக் கேள்விக்குத்தான்.

ஒரு தந்தை வந்து, "பள்ளிக்கூடத்துலயே கேம் சொல்லித் தர்றீங்களா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாளில் வரையாமல் யாரும் விளையாட்டில் கட்டக் கூடாது என்று அன்றைக்கே விதி வைத்தேன். மைன்கிராஃப்டுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆய்வகத்துக்கு லுவாண்டி இருக்கிறது. முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த இலவச மென்பொருள். மெசிகான்ஸ் என்ற இணைப்பைச் சேர்த்தால் கம்பியும் சுவிட்சும் கிடைக்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினியே வேண்டாம். ஆறு பிள்ளைகள் போதும். இருவர் சுவிட்ச், மூவர் டார்ச், ஒருவர் விளக்கு. டார்ச் பிள்ளைக்கு ஒரே விதி: நீ பார்க்க வேண்டிய இருவரில் யார் கை தூக்கினாலும் உன் கையை இறக்கு, யாரும் தூக்காவிட்டால் தூக்கு. விளக்குப் பிள்ளை, இரண்டாவது, மூன்றாவது டார்ச்சில் யாராவது தூக்கினால் தூக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் செய்து பார்த்தேன். முதல் இரண்டு முறை ஒரே கூச்சல். மூன்றாவது முறை, தவறாகக் கை தூக்கியவனைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த மாணவன் இப்போது இரண்டு எண்களைக் கூட்டும் சுற்றில் இருக்கிறான். இந்த மூன்று டார்ச்சோடு, மீதி இலக்கத்துக்காக ஒரு அண்ட் வாயில். ஆக மொத்தம் ஆறு டார்ச் என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் அதை நான்கில் முடித்துவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்வதாக இல்லை.