வீட்டுக் கணினியும் ஆலைக் கணினியும்



இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் விரைவில் ராஜபாளையத்து நூற்பாலையிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவிலோ கணினிப் பொறுப்பை ஏற்பீர்கள். "வீட்டில் இருக்கிற மாதிரியே பத்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் போதாதா?" என்று முதலாளி கேட்பார். போதாது. வேகமும் விலையும் இதற்குக் காரணமில்லை; யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே காரணம். வீட்டில் நாம் எழுதியதை நாமே அழிக்கலாம், கேட்க ஆளில்லை. ஆலையிலோ மூன்று ஷிப்டு ஆட்களும் ஒரே கணினியில் மாறி மாறி உட்காருகிறார்கள். திருப்பூரில் சாயம் போட்ட துணியில் பட்டை விழுந்தால், வேறு லாட் நூல் கலந்துவிட்டதா என்ற கேள்வி இங்கேதான் வந்து நிற்கும். எந்த லாட் நூல் கோன் எந்தப் பெட்டியில் போனது, பதிவை யார் திருத்தினார்? மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் விடையே கிடையாது. சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்கவும் கூடாது. இந்தத் தேவைக்கு உள்ளூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய ராம்கோ குழுமம், 1992இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சிப் பிரிவாக மென்பொருள் வேலையில் இறங்கியது. 1997இல் அதுவே ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமானது. நூலும் சிமென்டும் விற்றவர்கள், நிறுவன நிர்வாக மென்பொருளான இ.ஆர்.பி. எழுதப் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிறுவனக் கணினிக்குத் தனி முறை வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு மறுப்பு உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள் என்பதால் வீட்டுக் கணினிகள் தப்பின. அப்படியானால் வீட்டு முறைதானே பாதுகாப்பு என்று கேட்கலாம். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. வீட்டில் அப்டேட் சொதப்பினால் ஒருவருடைய ஒரு மாலை வீண். நிறுவனத்தில் ஊரே வரிசையில் நிற்கும். அதனால்தான் அங்கே எந்த அப்டேட்டையும் முதலில் நாலு கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும், கையால் எழுதும் வழியையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

சின்னக் கடைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கல்லாவில் மட்டும் விற்பவருக்கு ஒரு போனும் பில்லிங் ஆப்பும் போதும். அவரிடம் போய் சர்வர் வாங்கச் சொல்லாதீர்கள். சில நாளில் கெட்டுப்போகும் அந்தப் பண்டத்தை வெளியூருக்குப் பெட்டி கட்டி அனுப்பத் தொடங்கினால் கதை வேறு. என்றைக்குக் கிண்டியது, எந்த ஊருக்குப் போனது என்ற கணக்கு முதலாளியின் சொந்த போனில், பேத்தியின் படங்களுக்கு நடுவே கிடக்கக் கூடாது. ஆளுக்கொரு லாகின் கொடுப்பதற்கும், வேலையை விட்டவரின் லாகினை அன்றே மூடுவதற்கும் பெரிதாகச் செலவில்லை. பேக்கப் எடுப்பதாக எல்லோரும் சொல்வார்கள். அதிலிருந்து ஒரு கோப்பையாவது கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்கள் என்று முதல் நாளே கேளுங்கள்.