சபராளியும் காட்டுச்சேவலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



சேர்வராயன் மலையில் விடியற்பொழுது ஒரு குரலோடு தொடங்குகிறது. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களுக்கு அப்பால், புதருக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவுகிறது. வீட்டுச் சேவலின் நீண்ட கூவல் அன்று அது; இடையிடையே அறுபட்டு வருவது. ஏற்காட்டு மக்கள் அதனைக் காட்டுச்சேவல் என்பர். அறிவியல் ஏடுகளில் அதன் பெயர் 'காலஸ் சொன்னராட்டி'. ஏரியும் காடும் சேர்ந்து பெயர் பெற்ற ஊரின் பறவைக்குக் கடலோடி ஒருவரின் பெயர் வந்த கதை, கவிஞர்கள் கேட்க வேண்டிய கதை.

காட்டு விலங்குகளைக் காணச் செல்லும் உலாவை உலகம் 'சஃபாரி' என்கிறது. சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அதன் வேர் அரபுமொழியின் 'சஃபர்'. அதே வேரிலிருந்துதான் தமிழ் முசுலிம்களின் வழக்கில் கடல் கடந்து பொருளீட்டச் செல்பவர் 'சபராளி' ஆனார். காட்டுலாவும் கடற்பயணமும் சொல்லளவில் உடன்பிறப்புகள். வாழ்க்கையிலும் அவ்வாறே. பாய்மரக் காலத்தில் காற்று திரும்பும்வரை கப்பல் துறையில் காத்துக் கிடக்கும். அந்த இடைவெளியில் கரையிறங்கிக் காடு புகுந்தவர்களே தொலைநாட்டு உயிர்களைப் பற்றிய செய்தியை உலகுக்குக் கொணர்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் பியேர் சொன்னரா. 1748இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைத் தேடி மொரீசியசிலிருந்து மொலுக்காத் தீவுகளுக்குச் சென்ற பயணத்தில் 1771–72இல் பங்குகொண்டார். கப்பல் கெபே என்னும் தீவு வரையே சென்றது. ஆயினும் 1776இல் அவர் வெளியிட்ட நூல் 'நியூ கினிப் பயணம்' என்று பெயர் தாங்கியது. அதில் பெங்குவின்களைப் படத்துடன் காட்டி, அவை நியூ கினியில் வாழ்பவை என்றார். ஆத்திரேலியாவின் கூக்கபுரா மீன்கொத்தியையும் அந்நாட்டுக்கே உரியதாக்கினார். காணாத நாட்டின் காட்டைக் கண்டதாக எழுதிவிட்டார்.

அப்பிழை பெயர்களில் இன்றும் உறைந்து கிடக்கிறது. நியூ கினியில் பெங்குவின் இல்லை. எனினும் ஒருவகைப் பெங்குவினுக்கு அறிவியற்பெயர் 'பப்புவா'. கூக்கபுராவின் பெயரும் 'நோவேகினியே'. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை உலகை வலம் வந்தனர். வழியில் அவர்கள் தங்கிய துறைகளுள் ஒன்று பாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி. சொன்னரா நியூ கினிக்கு உரியதாக்கிய அந்தப் பெங்குவின் உண்மையில் வாழுமிடங்களுள் ஒன்று அத்தீவுகளே. அவர் எழுதிய ஊருக்கும் பறவை இருக்கும் ஊருக்கும் இடையே ஒரு பெருங்கடலே கிடக்கிறது.

அதே சொன்னரா, 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் சீனத்திலும் சுற்றினார். 1782இல் வெளிவந்த நூலில் தென்னிந்தியக் காட்டுச்சேவலைப் பதிவுசெய்தார். அதன் கழுத்திறகுகளில் மெழுகுத்துளி சிந்தினாற்போன்ற மஞ்சள் புள்ளிகள் உண்டு. பெட்டைக்கு அவை இல்லை. வீட்டுக்கோழிக்கு மூதாதை இப்பறவையே என்றும் அவர் கருதினார். 1813இல் டெம்மிங்க் என்னும் ஆலந்து அறிஞர் இதற்குச் சொன்னராவின் பெயரையே சூட்டினார். பின்னர் டார்வின், செங்காட்டுக்கோழியே மூதாதை என்று நிறுவியபோது சொன்னராவின் கருத்து தள்ளுண்டது. ஆனால் 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. பல வீட்டுக்கோழிகளின் கால்களை மஞ்சளாக்கும் மரபணு இந்தச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்தே வந்தது. முற்றும் சரியில்லை எனினும், அவர் கருத்து முற்றும் வீணுமில்லை.

சொன்னரா சொன்னதெல்லாம் பொய்யுமன்று, எல்லாம் மெய்யுமன்று. காணாததைக் கண்டதாகச் சொன்ன இடத்தில் அவர் பெயர் கறைபட்டது. கண்டதைச் சொன்ன இடத்தில் அவர் பெயர் ஒரு பறவையின் சிறகேறி மலைதோறும் வாழ்கிறது.

இனிக் கவிதைக்கு வருவோம். சேலத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இரண்டு நாள் ஏற்காட்டில் தங்கும் கவிஞனும் கரையிறங்கிய கடலோடிதான். அவனுக்கும் நேரம் குறைவு. கொண்டுசெல்ல வேண்டும் என்ற ஆசை மிகுதி. அந்த அவசரத்தில், இன்று புலி வாழாத மலையில் புலி உறுமிவிடுகிறது. காப்பிப் பூ மணக்க வேண்டிய வரியில், பார்த்திராத பூவொன்று மணக்கிறது. படிப்பவருக்கு அது உடனே தெரிவதில்லை. பெங்குவினுக்குப் 'பப்புவா' என்ற பெயர் நிலைத்ததைப்போல, அதுவும் ஒருவர் வரியிலிருந்து இன்னொருவர் வரிக்குச் சென்று நிலைத்துவிடுகிறது.

கற்பனை கூடாது என்பதன்று இதன் பொருள். கற்பனையைக் கற்பனையாகவே தருபவன் யாரையும் ஏய்ப்பதில்லை. கண்டதாகச் சொல்லும்போது மட்டும் கண்டிருக்க வேண்டும். இந்த வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதைகளைக் கேட்டு வருகிறது. அடுத்த பத்தாண்டுகளில் ஒவ்வொரு கவிதையிடமும் 'கெபே வரை சென்றாயா, நியூ கினி வரை சென்றாயா?' என்று அன்போடு கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றட்டும். சேர்வராயன் சரிவில் நாளைக் காலையும் அந்தச் சேவல் கூவும். அதன் குரலைக் கேட்டபின் எழுதப்படும் ஒரு வரி போதும்.