கையும் சொல்லும் சேர்ந்தால் கல்லும் பேசும்



"அருங்காட்சியகத்தால் ஊருக்குக் கிடைக்கும் பயன் பெரிதும் காட்சிப் பொருள்களாலா, அங்கே நடக்கும் கலைப் பட்டறைகளாலும் எழுத்தாளர் உரைகளாலுமா?" இதுதான் இன்றைய பட்டிமன்றத்தின் தலைப்பு. பட்டறைகளாலும் உரைகளாலுமே என்று வாதாட வந்திருக்கிறேன். நான் 30 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஆண்டுக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை வரிசைகட்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகச் சொன்னார்: "பொருள் இல்லையேல் அருங்காட்சியகமே இல்லை." ஐயா, அதை நான் மறுக்கவே இல்லை. விதைநெல் இல்லையேல் வெள்ளாமை இல்லை. ஆனால் விதைநெல்லை வைக்கோலால் கோட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "எங்கள் வீட்டில் நெல் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்குமா? வயலில் இறங்கி நாற்று விட்டு நட வேண்டும். நம் புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது. நூறாண்டுக்கும் மேலாகக் கோட்டை கட்டிக் காத்த விதைநெல் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. அதை எப்படி விதைப்பது என்பதுதான் என் பேச்சு.

ஒரு வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். உள்ளே போன வேகத்திலேயே வரிசை வெளியே வந்துவிட்டது. மரத்தடியில் உட்கார வைத்து, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். "பாடம் பண்ணின புலி" என்றான் ஒருவன். "பெரிய பானை" என்றாள் ஒரு பிள்ளை. அவள் பார்த்தது முதுமக்கள் தாழி. இறந்தவரின் எலும்புகளை உள்ளே வைத்து நம் முன்னோர் மண்ணில் புதைத்த தாழி. பக்கத்திலேயே பெயர்ப்பலகை இருக்கிறது. அவளும் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பாள். ஆனாலும் அவள் கண்ணுக்கு அது பெரிய பானை. குற்றம் பிள்ளையுடையதா? பலகையுடையதா? இரண்டும் இல்லை ஐயா. அந்தத் தாழிக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கை அன்று அங்கே இல்லை.

சில மாதம் கழித்து அதே இடத்தின் பின்பக்க வராந்தாவில் மண்பாண்டப் பட்டறை நடந்தது. பக்கத்துக் கிராமத்து வேளார் ஒருவர் வந்தார். கல் பொறுக்கி, ஊறவைத்து, மிதித்துப் பதப்படுத்திய மண்ணைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். "சின்னச் சட்டியைத் திருகையில வனைஞ்சிடலாம். ஆளுயரத் தாழிய அப்படி வனைய முடியாது கண்ணுகளா" என்று சொல்லி, மண்ணைக் கயிறாக உருட்டி வளையத்தின்மேல் வளையமாக அடுக்கினார். உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டினார். கொஞ்சம் ஏறியதும் நிறுத்திவிட்டார். "அடி இறுகட்டும். ஒரேயடியா ஏத்தினா சரிஞ்சிடும்" என்றார். கடைசியில் கழுத்தைச் சுற்றி ஒரு மண் பட்டை ஒட்டி, விரலால் அழுத்திக்கொண்டே போனார். வரிசையாகக் குழிகள் விழுந்தன. "இது அழகுக்கும் ஆச்சு, ஒட்டு விடாமப் பிடிக்கவும் ஆச்சு." பிள்ளைகளும் ஆளுக்கொரு சின்னச் சட்டி செய்து அதே மாதிரி பட்டை வைத்தார்கள்.

கை கழுவிவிட்டு எல்லோரையும் மறுபடி உள்ளே அழைத்துப் போனேன். "பெரிய பானை" என்று சொன்ன அதே பிள்ளை தாழிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே ஓடும் பட்டையைப் பார்க்கிறாள். தன் கட்டைவிரலைப் பார்க்கிறாள். "ஐயா, இவங்களும் என்னை மாதிரியே அமுக்கியிருக்காங்க. என் விரலைவிடக் கொஞ்சந்தான் பெருசு. செஞ்சது பொம்பளையா இருக்குமோ ஐயா?"

நடுவர் ஐயா, என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி. பதின்மூன்று வயதுப் பிள்ளை வாயிலிருந்து வந்தது. தாழி முன்பும் அங்கேதான் இருந்தது, அப்போதும் அங்கேதான் இருந்தது. மாறியது எது? அந்த வேளார் கொடுத்த அரை நாள்.

புறப்படும்போது அந்தப் பெரியவர் சொன்னது இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. "இருபது வருஷமா இந்த வாசல் வழியாத்தான் சந்தைக்குப் போறேன். இன்னிக்குத்தான் உள்ள வந்திருக்கேன். அதுவும் வாத்தியாரா." நம் மாவட்டத்தில் அய்யனாருக்குப் புரவி எடுக்க மண்குதிரை செய்கிறவர்கள் இந்தக் குடும்பங்கள்தான். அவர்கள் முன்னோர் செய்த பானைக்குக் கண்ணாடிப் பெட்டியும் மின்விளக்கும் கொடுத்தோம். அவர்களுக்கு ஒரு நாற்காலி கொடுக்கவில்லை. பட்டறை அந்த நாற்காலியைப் போடுகிறது. இந்த ஒரு காரணம் போதாதா ஐயா?

அடுத்து, எழுத்தாளர் உரை. எதிரணியில் பேசிய அம்மையார் கேட்டார்: "கதை எழுதுகிறவருக்கு இங்கே என்ன வேலை? அவர் நூலகத்துக்குப் போகட்டும், புத்தகத் திருவிழாவுக்குப் போகட்டும்." அம்மா, சென்னை எழும்பூருக்குப் போய்ப் பாருங்கள். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் அதே வளாகத்தில் இருக்கிறது. நாடகமும் உரையும் நடப்பதற்கென்றே கட்டிய மியூசியம் தியேட்டரும் அங்கேயே இருக்கிறது. சிலையையும் புத்தகத்தையும் மேடையையும் ஒரே மதில் சுவருக்குள் வைத்தார்கள். கட்டியவர்கள் சேர்த்து வைத்ததை நாம் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

அதே எழும்பூரில் திருவாலங்காட்டு நடராசர் செப்புத்திருமேனி இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படங்களைப் பார்த்தே மனம் உருகிக் கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921இல் அது நூலில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமி, சிவ நடனத்தின் பொருளை விளக்கி எழுதிய நூல் 1918இல் வந்தது. உலகம் இன்று நடராசர் முன்னால் நின்று வியக்கிறது என்றால் அதில் இந்த இருவரின் எழுத்துக்கும் பங்கு உண்டு. ஒருவர் கலைஞர், ஒருவர் எழுத்தாளர். திருமேனியை வார்த்தவர் சோழநாட்டு ஸ்தபதி. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது சொல்.

நம் ஊருக்கே வருகிறேன். தமிழுக்கு முதல் ஞானபீட விருதைக் கொண்டுவந்த அகிலன் பிறந்தது நம் பெருங்களூரில். 1975ஆம் ஆண்டுக்கான அந்த விருதைப் பெற்ற நாவல் 'சித்திரப்பாவை'. அதன் நாயகன் அண்ணாமலை யார்? ஓர் ஓவியன்! புதுக்கோட்டை மண் தந்த எழுத்தாளருக்கு, ஓவியன் ஒருவனுடைய வாழ்க்கை நாவலாகத் தோன்றியிருக்கிறது. எழுத்தும் ஓவியமும் பக்கத்துப் பக்கத்து வீடு ஐயா. நடுவில் சுவர் எழுப்ப வேண்டாம்.

உரையால் விளைந்த ஒன்றை நான் நேரில் கண்டேன். ஓர் எழுத்தாளர் நடுகல் ஒன்றின் முன்னால் நின்று, ஊர் மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட ஒருவனின் கதையைத் தான் எப்படி எழுதினேன் என்று பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, இந்த மாதிரி வில்லு புடிச்ச ஆளு செதுக்கின கல்லு எங்க கண்மாய்க் கரையில குப்புறக் கெடக்கு. அதுமேலதான் துணி துவைக்கிறோம்" என்றார். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. மறுவாரம் விவரம் அறிந்தவர்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். ஊர்க்காரர்களே அந்தக் கல்லை நிமிர்த்தி வைத்தார்கள். பார்த்தீர்களா ஐயா? பொருளால்தான் எல்லாம் என்கிறார்கள். இங்கே ஒரு பொருளையே மீட்டுத் தந்தது ஒரு மணி நேரப் பேச்சு.

"கூட்டம் வந்தால் பொருளுக்கு ஆபத்து" என்பது எதிரணியின் அடுத்த வாதம். நல்ல கவலைதான். அதனால்தான் பட்டறையை வராந்தாவிலும் வேப்பமரத்தடியிலும் வைக்கச் சொல்கிறோம். செப்புத்திருமேனிக்குப் பக்கத்தில் சேற்றுக் கையோடு யாரும் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய சுவர்களிலும் குகைப் பாறைகளிலும் ஆணியால் தன் பெயரைக் கிறுக்குகிறானே, அவன் யார்? அந்த வேலையின் அருமையைத் தன் கையால் அறியாதவன். நம் சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறைமேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் தாமரைக் குளத்தையும் மீனையும் யானையையும் எழுதினார்கள். அந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது! ஒரு பிள்ளையைச் சுண்ணாம்பு குழைத்துப் பூச வைத்து, காவிக்கல்லை இழைத்து ஒரே ஒரு தாமரை இதழ் எழுதச் சொல்லுங்கள். நகம் பட்டாலே பெயர்கிறது என்று அது கண்ணால் பார்க்கும். அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க ஒரு சுவரிலும் கிறுக்காது. காவலர் ஒருவர் "தொடாதே" என்று சொல்வது அவர் நிற்கும் வரைக்கும்தான். கை கற்ற பாடம் காவலர் இல்லாத மலையிலும் காவல் நிற்கும்.

"ஒரு நாள் பட்டறையில் சிற்பி உருவாகிவிடுவானா?" என்று கேட்டார்கள். உருவாக மாட்டான். சிற்பத்தைப் பார்க்கத் தெரிந்தவன் உருவாவான். கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில், பெயர் கீறிய பானை ஓடுகள் இருக்கின்றன. 'ஆதன்' என்று கீறியிருக்கிறது. ஈரம் உலர்ந்த ஒரு சட்டியையும் ஓர் ஆணியையும் கொடுத்து, "உன் பெயரை அந்தக் காலத்து எழுத்தில் கீறு" என்று சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? முதல் எழுத்திலேயே ஆணி வழுக்கும். இரண்டாவது எழுத்து கோணும். அப்புறம் அந்த ஓட்டைப் பார்க்கும்போது ஆதன் வரலாற்றுப் பாடமாகத் தெரிய மாட்டான், தன்னைப் போலவே தன் பானையில் பெயர் எழுதிக்கொண்ட ஒருவனாகத் தெரிவான். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் தொடங்கிய தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைக் காட்டுவதோடு நிற்கவில்லை. கைவினைஞர்கள் வந்து வேலை செய்கிறார்கள், வருகிறவர்களும் செய்து பார்க்கிறார்கள். அங்கே போய்வந்த பிள்ளையிடம் கேளுங்கள், என்ன செய்தோம் என்பதைத்தான் முதலில் சொல்லும்.

பணம் எங்கே என்கிறார்கள். இரண்டு சாக்கு மண், ஒரு திருகை, நாலு பாய், ஓர் ஒலிபெருக்கி. அதோடு மிக முக்கியமாக, கைவினைஞருக்கும் எழுத்தாளருக்கும் உரிய சன்மானம். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவதை நானும் ஏற்க மாட்டேன். அவர்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வருகிறார்கள்.

உலக அருங்காட்சியகங்களின் அமைப்பு 2022இல் பிராகா நகரில் கூடி, அருங்காட்சியகம் என்றால் என்ன என்று புதிதாக வரையறுத்தது. ஆராய்வது, சேகரிப்பது, பாதுகாப்பது, விளக்குவது, காட்சிக்கு வைப்பது என்று ஐந்து வேலைகளை அதில் சொன்னார்கள். மக்கள் பங்கேற்போடு நடக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எதிரணியினர் காப்பதையும் காட்டுவதையும் பற்றிப் பேசினார்கள். விளக்குவதையும் பங்கேற்பையும் நாங்கள் பேசுகிறோம். அவைதான் இன்று நம் மாவட்டங்களில் பட்டினி கிடக்கின்றன.

மணி அடித்துவிட்டார்கள். முடித்துவிடுகிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை ஐயா. மாதத்துக்கு ஒரு பொருள். அந்தப் பொருளைச் செய்யத் தெரிந்த ஒரு கைவினைஞர். அதைப் பற்றி எழுதிய ஓர் எழுத்தாளர். காலையில் பட்டறை, மாலையில் உரை. இந்த மாதம் தாழி என்றால் அடுத்த மாதம் நடுகல். அதற்கடுத்து நம் பொற்பனைக்கோட்டை அகழாய்வில் கிடைத்த பொருள்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு பொருள்கள் கண்ணாடியை விட்டு வெளியே வராமலே ஊருக்குள் வந்துவிடும்.

ஆகவே, காட்சிப் பொருள் அருங்காட்சியகத்தின் சொத்து, பட்டறையும் உரையுமே ஊருக்குக் கிடைக்கும் பயன் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெருமக்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, திருக்கோகர்ணம் இங்கேதான் இருக்கிறது. பேரனையோ பேத்தியையோ கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். பார்த்து முடித்ததும் அலுவலக அறைக்குப் போய், "அடுத்த பட்டறை எப்போது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். கேட்கிற ஊருக்குத்தான் கிடைக்கும்.