நீலமும் இளஞ்சிவப்பும்: இழையவியல் கற்கப்போகும் தங்கைகளுக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகளுக்கு ஆற்றிய உரை)



மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிச் சென்ற எமது பாடசாலைப் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது எம்மைப் போன்ற மூத்தவர்களிடம் இரகசியமாகச் சொல்லும் முறைப்பாடு ஒன்றுண்டு. "அக்கா, நுணுக்குக்காட்டிக்குள்ளே எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுது" என்பார்கள். மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளை, தனக்கு மூளை போதாது என்று நினைக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். குறை மூளையில் இல்லை, கண் இன்னும் பழகவில்லை என்பதைச் சொல்லவே இன்று வந்தோம்.

முதலாவது தடை நிறம். வழுக்கியில் தெரியும் நீலமும் இளஞ்சிவப்பும் உடலின் நிறங்களல்ல. நாம் ஏற்றிய சாயங்கள். ஹீமற்றொக்சிலின் மத்திய அமெரிக்க மரமொன்றிலிருந்து கிடைப்பது. அது கருவிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நீலமாகத் தெரியும். இயோசின் புரதங்களைப் பற்றி இளஞ்சிவப்பாக்கும். கொழுப்போ தயாரிப்பின்போது கரைந்து போய்விடுவதால், கொழுப்புக் கலம் வெறும் வெள்ளை வட்டமாகத் தெரியும். இதை விளங்கிக்கொண்டால் நிறத்தை மனனம் செய்யத் தேவையில்லை. கடும் நீலம் கண்டால் "இங்கே கருக்கள் நெருங்கி இருக்கின்றன" என்று வாசிக்கலாம்.

இரண்டாவது தடை வெட்டு. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். நீளப்பாட்டில் வெட்டினால் விதைகளின் வரிசை. சரிவாக வெட்டினால் இரண்டுமில்லாத நீண்ட வடிவம். நுனியை வெட்டினால் விதையே இல்லை. சமையலறையில் நாம் ஒருபோதும் குழம்புவதில்லை, ஏனென்றால் முழுக் காயை அறிவோம். வழுக்கியில் முழுக் காயைக் காணாமல் துண்டை மட்டும் காண்கிறோம். அத்துண்டின் தடிப்பு பெரும்பாலும் 5 மைக்குரோமீற்றர் அளவுதான். ஆகவே ஒரு கலத்தில் கரு தெரியாவிட்டால் கரு இல்லை என்று பொருளல்ல. வெட்டு அதனூடாகச் செல்லவில்லை.

மூன்றாவது, அளவு. பாடநூற் படங்கள் எல்லாம் ஒரே பருமனில் இருக்கும். வழுக்கியில் அளவுகோல் இல்லை என்று தயங்க வேண்டாம். செங்குருதிக் கலமொன்றைத் தேடிப் பிடியுங்கள். அதன் விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்குரோமீற்றர். அதுவே உங்கள் அடிமட்டம். எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். ஊரைப் பார்த்த பின்தான் வீட்டைத் தேட வேண்டும்.

நான்காவது மொழி. இங்கே "படைகொண்ட செதின் மேலணி" என்று படித்தது, அங்கே ஒரே வாரத்தில் "ஸ்ற்ராற்றிபைட் ஸ்குவாமஸ் எப்பித்தீலியம்" ஆகிவிடும். பயப்படாதீர்கள். தமிழ்ப் பெயர் படைபடையாக, செதில் போல என்று பொருளையே சொல்லிவிடுகிறது. அதைக் கைவிடாமல் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். இந்த மொழியில் படித்தது பின்னடைவு என்று எவரும் சொல்ல விடாதீர்கள்.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? ஓர் உதாரணம் போதும். கருப்பைக் கழுத்தில் கம்ப மேலணியும் படைகொண்ட செதின் மேலணியும் ஓர் எல்லையில் சந்திக்கின்றன. அங்கு ஏற்படும் புற்றுநோய் பெரும்பாலும் அந்த எல்லைப் பகுதியிலேயே தொடங்குகிறது. கலங்களின் மாற்றம், நோய் முற்றுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தெரியும். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வதில் பெண்களைப் பரிசோதனைக்கு அழைப்பது அதனால்தான். வெட்கத்தாலும் வேலைப்பளுவாலும் வராமல் இருந்துவிடும் அம்மாமாரை நாம் அடிக்கடி காண்கிறோம். பிந்தி வருபவருக்கு எம்மால் செய்யக்கூடியது குறைந்துவிடுகிறது. முதல் வருடத்தில் நீங்கள் சலித்துக்கொண்டு பார்க்கும் இரண்டு மேலணிகள், பின்னாளில் ஒரு தாயின் ஆயுளைத் தீர்மானிக்கக்கூடும். உங்கள் அம்மாவையும் சின்னம்மாவையும் இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள், "கிளினிக்குக்குப் போனீங்களா?" என்று.

பயிற்சிக்கு ஒரே வழி கையால் வரைதல். ஒரு மணித்தியாலத்தில் பத்து வழுக்கிகளைப் புரட்டுவதிலும் ஒன்றை வரைந்து முடிப்பது மேல். பென்சில் நிற்கும் இடத்தில்தான் நாம் பார்க்காமல் விட்டது தெரியவரும். கைத்தொலைபேசியில் எடுத்த படம் அதைச் சொல்லித் தராது. பிறகு தோழியிடம் "இது ஏன் சிறுகுடல், ஏன் பெருங்குடல் இல்லை?" என்று கேட்டு வாதிடுங்கள். சடைமுளை தெரிகிறதா என்று தேடும்போதே பாடம் மனதில் பதிந்துவிடும்.

நிறைவாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டுவது பற்றிப் பேசப்படுகிறது. அழகான எண்ணம். அதற்கு முன், இரண்டு பிள்ளைக்கு ஒன்றாக நுணுக்குக்காட்டிகளும், ஒரு பெட்டி தயார் வழுக்கிகளும் ஆய்வுகூடத்துக்கு வாங்கித் தருவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளோடு இருந்து பார்க்க, வைத்தியர்களாகிய பழைய மாணவிகள் நாம் ஆயத்தம். வளைவு வாசலில் நிற்கும். பழகிய கண் பிள்ளையோடு போகும்.