ஹெல்சிங்கி – டோக்கியோ: மாறாத தொலைவும் மாறிய நேரமும்

இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு அப்படியே இருக்க, அதைக் கடக்கும் நேரம் மட்டும் பெரிதும் கூடிவிடக்கூடும் என்பதற்கு, பின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கும் ஜப்பானில் டோக்கியோவை அடுத்த நரித்தா விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழி தெளிவான சான்றாகும்.

இவற்றின் இடைத்தொலைவு சுமார் 7,800 கிலோமீட்டர். இது பெருவட்டத் தொலைவு, அதாவது உருண்டையான புவியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். தட்டையான சுவர் வரைபடம் இக்கோட்டைச் சரியாகக் காட்டாது; உலக உருண்டை ஒன்றில் இரு நகரங்களுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்தால், அது வடகிழக்காக ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி, சைபீரியாவின் மேலாக ஜப்பானுக்கு இறங்கும். 2022 பிப்ரவரி வரை பின்லாந்தின் விமான நிறுவனமான பின்னேரின் விமானங்கள் ஏறத்தாழ இவ்வழியே சென்று, ஒன்பதரை மணி நேர அளவில் டோக்கியோவை அடைந்தன. ஒரே விமானம் ஒரு நாளுக்குள் போய்த் திரும்ப முடிந்ததே அந்நிறுவனத்தின் ஆசியச் சேவைக்குப் பெரும் பலமாக இருந்தது.

திரும்பும் பயணத்துக்கு அப்போதும் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் தாரைக்காற்று எதிரே வீசுவதே காரணம். இக்காற்றை 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். அவர் தம் ஆய்வை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் உலகம் அதை உரிய காலத்தில் கவனியாமற்போனது வருந்தத்தக்கது.

உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. நூல் காட்டிய வழி அடைபட்டதால், விமானங்கள் வட துருவத்தின் மேலாக அலாஸ்கா பக்கம் சென்று பெரிங் நீரிணையைக் கடந்தோ, தெற்கே நடு ஆசியாவைச் சுற்றியோ பறக்க நேர்ந்தது. பயணம் சுமார் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. துருவ வழி புதியதன்று. சோவியத் வான்வெளி மேலைநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் மூடிக்கிடந்த 1983இல், பின்னேர் தன் டிசி-10 விமானத்தை இடைநிற்காமல் டோக்கியோவுக்கு அனுப்பியது அவ்வழியேதான். அங்கே அவசரத்துக்கு இறங்கத்தக்க ஓடுதளங்கள் மிகச் சில. கடுங்குளிரில் இறக்கையிலுள்ள எரிபொருளின் வெப்பநிலை, அது உறையத் தொடங்கும் மைனஸ் 47 பாகையை நெருங்காதபடி விமானிகள் கண்காணித்தாக வேண்டும். நேரம் நீள்வதால் எரிபொருளும் பணியாளர் செலவும் கூடுகின்றன.

ஒரு நாடு இவ்வாறு தன் வான்வெளியை மூடுவதற்குச் சட்ட அடிப்படை உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை அறிவிக்கிறது; பிற நாட்டுப் பயணிகள் விமானங்கள் தரையிறங்காமல் கடந்துசெல்ல இசைவளிக்கும் தனி ஒப்பந்தமும் அவ்வாண்டே உருவானது. உலகின் மிகப் பரந்த நிலப்பரப்புக்கு உரிய ரஷ்யா அவ்வொப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை.